டிஃபால்ட்டை ஃப்ளாஷ்ல எழுதிடாதீங்க

60ஐ 300ஆ மாத்தணும், அவ்வளவுதான் வேலை. ஒரே ஒரு நம்பர். நண்பன் ஒருத்தன் அவனோட குளிர் அறைகள்ல வெப்பநிலையைப் பதிவு பண்ணணும்னு கேட்டதுக்காக நான் செஞ்சு குடுத்த 14 போர்டு, எல்லாமே ஈஎஸ்பி32ங்கற வைஃபை சிப் வச்சது, பேட்டரில ஓடுறது, 60 விநாடிக்கு ஒரு தடவை முழிச்சு வைஃபைல சேர்ந்து ஒரு ரீடிங்கை அனுப்பிட்டு திரும்பத் தூங்கிடும். பேட்டரி சீக்கிரம் தீந்துடுதுன்னு சொன்னான், சரி 5 நிமிஷத்துக்கு ஒரு தடவைன்னு வச்சிக்கலாம்னு பேசி முடிவு பண்ணோம். ப்ராஜெக்ட்டோட ஆரம்ப மதிப்புகளை எழுதி வைக்கற எஸ்டிகேகான்ஃபிக் டிஃபால்ட்ஸ்ங்கற ஃபைலைத் திறந்து 60 இருந்த இடத்துல 300 போட்டு, பில்ட் பண்ணி, என் மேஜைல இருந்த ஒரு போர்டுல ஃப்ளாஷ் பண்ணிட்டு, அதாவது போர்டோட ஃப்ளாஷ் மெமரில ஏத்திட்டு, போர்டு அனுப்பற வரிகளைக் காட்டற சீரியல் மானிட்டரைப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தேன். சரியா 60வது விநாடி அது முழிச்சுக்கிச்சு.

மறுபடி பில்ட் பண்ணேன், பழைய பில்டைத் துடைக்கற ஃபுல்க்ளீன் குடுத்துட்டும் பண்ணேன், அதே 60. அன்னிக்கு ராத்திரி மூணு மணி நேரம் இதுலயே போச்சு, ஆனா அந்த மூணு மணி நேரத்துல டிஃபால்ட்னா என்னன்னு நான் அதுவரைக்கும் தப்பாவே நெனச்சுக்கிட்டிருந்தேன்னு புரிஞ்சுது. அதைத்தான் இங்க விரிவா எழுதலாம்னு இருக்கேன், ஏன்னா இது ஈஎஸ்பி32 பிரச்சினை மட்டும் இல்ல, எந்த ஃபர்ம்வேரை (போர்டுக்குள்ளயே ஓடற ப்ரோக்ராமை) எடுத்து நம்ம தேவைக்கு மாத்த ஆரம்பிச்சாலும் இதே இடத்துலதான் கால் இடறும்.

அந்த 300ஐ உள்ள விடாம தடுத்த முதல் பூட்டு பில்ட் பண்ற கம்ப்யூட்டர்ல இருந்துச்சு. ஈஎஸ்பி32க்கு ஃபர்ம்வேர் எழுதற கருவித்தொகுப்பான ஐடிஎஃப்ல எஸ்டிகேகான்ஃபிக்னு ஒரு ஃபைல் இருக்கு, எஸ்டிகேகான்ஃபிக் டிஃபால்ட்ஸ்னு இன்னொண்ணு இருக்கு, பேரு ஒரே மாதிரி இருக்கறதால ரெண்டும் ஒரே வேலை பண்ணுதுன்னு தோணும். இல்ல. முதல்ல சொன்னது முழுப் பதிவேடு, ப்ராஜெக்ட்ல இருக்கற அத்தனை ஆப்ஷனுக்கும், நீங்க தொட்டது தொடாதது எல்லாத்துக்கும் இப்போதைய மதிப்பு அதுல வரிசையா இருக்கும், பில்ட் சிஸ்டமே அதை எழுதும். ரெண்டாவது நம்ம கையால எழுதறது, அதுல நாலு வரியும் இருக்கலாம், நாப்பது வரியும் இருக்கலாம். நான் யூஸ் பண்ற 5 சீரிஸ் ஐடிஎஃப்ல ரூல் இதுதான்: பதிவேட்டுல ஒரு ஆப்ஷனுக்கு ஏற்கனவே மதிப்பு இருந்தா டிஃபால்ட்ஸ் ஃபைலை அது மதிக்காது, பதிவேட்டுல இல்லாததுக்கு மட்டும்தான் டிஃபால்ட்ஸ்லேர்ந்து எடுத்துக்கும். முதல் பில்ட்லயே பதிவேடு முழுசா எழுதப்பட்டுடுது. அதுக்கப்பறம் டிஃபால்ட்ஸ் ஃபைல்ல நீங்க என்ன மாத்தினாலும் அது காதுல விழாது. ஃபுல்க்ளீன் பில்ட் ஃபோல்டரைத்தான் துடைக்கும், எஸ்டிகேகான்ஃபிக் ஃபைலைத் தொடவே தொடாது, அது ப்ராஜெக்ட் ஃபோல்டர்ல அப்படியே உக்காந்திருக்கும்.

அந்த ஃபைலை டிலீட் பண்ணிட்டு பில்ட் பண்ணேன். பில்ட் ஃபோல்டருக்குள்ள கான்ஃபிக்னு ஒரு ஃபோல்டர் இருக்கும், அதுல ஜெனரேட் ஆகற, மதிப்புகளைக் கோடுக்குக் கொண்டு போற ஹெடர் ஃபைலைத் திறந்து பாத்தேன், 300னு தெளிவா இருந்துச்சு. நிம்மதியா ஃப்ளாஷ் பண்ணேன்.

60வது விநாடி முழிச்சுக்கிச்சு.

ரெண்டாவது பூட்டு போர்டுக்குள்ள இருந்துச்சு, அதை அங்க வச்சது நான்தான். ஆறு மாசம் முன்னாடி எழுதின என் கோடு இப்படி: பூட் ஆனதும் என்விஎஸ்ஸை, அதாவது பவர் போனாலும் அழியாத செட்டிங்ஸ் பகுதியைத் திற, அதுல இடைவெளின்னு ஒரு கீ (மதிப்பைத் தேட வச்ச பேரு) இருக்கான்னு பாரு, இல்லன்னா டிஃபால்ட் மதிப்பை அங்க எழுது, அப்பறம் எப்பவும் அங்கேர்ந்தே படி. இந்தப் பழக்கத்தை எத்தனையோ ஃபர்ம்வேர்ல பாத்திருக்கேன், சுத்தமா இருக்கற மாதிரி தோணும், எல்லா செட்டிங்ஸும் ஒரே இடத்துல இருக்குன்னு ஒரு திருப்தி. ஆனா ஐடிஎஃப்போட வழக்கமான பார்ட்டிஷன் டேபிள்ல, அதாவது ஃப்ளாஷ்ல எது எங்க இருக்குன்னு சொல்ற பட்டியல்ல, என்விஎஸ் ஹெக்ஸ் 9000ங்கற முகவரில ஆரம்பிச்சு 24 கேபி எடுத்துக்கும், ஆப் (நம்ம ப்ரோக்ராம்) ஹெக்ஸ் 10000ல ஆரம்பிக்கும். புது ஃபர்ம்வேர் ஏத்தறப்ப ஆப் இருக்கற எடம்தான் மாறுது, என்விஎஸ் அப்படியே இருக்கும். அதாவது முதல் தடவை பூட் ஆனப்ப என் கோடே எழுதி வச்ச 60, யூசர் தன் கையால செட் பண்ண மதிப்பு மாதிரி அங்க ஒக்காந்துக்கிட்டு புது டிஃபால்ட்டை உள்ள விடாம நிக்குது.

ரெண்டு பூட்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாத்தப்பதான் எனக்குப் பொறி தட்டுச்சு. ரெண்டும் ஒரே தப்பு. "யாரும் எதுவும் சொல்லல"ங்கற நிலைமையை "யாரோ 60ன்னு சொன்னாங்க"ன்னு பதிவு பண்ணிட்டோம். அப்படிப் பதிவு ஆன உடனே அந்த ரெண்டுக்கும் நடுவுல இருக்கற வித்தியாசம் போயிடுது, திரும்ப அதைக் கண்டுபிடிக்க வழியே கிடையாது. டிஃபால்ட்டுங்கறது வேற யாரும் வாய் திறக்காதப்ப மட்டும் பேச வேண்டியது. அதை எங்கயாவது எழுதி வச்சிட்டா அது டிஃபால்ட் இல்ல, யாரோ எடுத்த முடிவு.

இதை மனசுல வச்சிக்கிட்டு மத்த ஃபர்ம்வேர்களைப் பாத்தா பல விஷயம் சட்டுனு புரியும். 3டி பிரின்டர் வச்சிருக்கறவங்களுக்கு மார்லின்ங்கற ஃபர்ம்வேர் தெரிஞ்சிருக்கும். கான்ஃபிகரேஷன் ஹெடர்ல ஒவ்வொரு அச்சுக்கும் ஒரு மில்லிமீட்டருக்கு எத்தனை ஸ்டெப்னு டிஃபால்ட் இருக்கும், 80, 80, 400, 500ன்னு. பிளாஸ்டிக்கைத் தள்ளற எக்ஸ்ட்ரூடரை மாத்திட்டு அந்தக் கடைசி 500ஐ வேற நம்பரா மாத்தி ஃப்ளாஷ் பண்ணியும் பிரின்டர் பழைய மாதிரியே பிளாஸ்டிக் தள்ளுதுன்னு தலையப் பிச்சிக்காதவங்க கம்மி. ஈஈப்ராம், அதாவது பவர் போனாலும் அழியாத மெமரி, ஆன்ல இருந்தா அங்க சேவ் ஆன பழைய நம்பர்தான் லோடு ஆகும். எம்502ங்கற கமாண்டைக் குடுத்தா ஹெடர்ல இருக்கற மதிப்புகள் மெமரிக்கு வரும், எம்500 குடுத்தாதான் அது ஈஈப்ராம்ல சேவ் ஆகும், எம்503ல என்ன இருக்குன்னு பாத்துக்கலாம். எம்502 மட்டும் குடுத்துட்டு சரியாயிடுச்சுன்னு விட்டா அடுத்த தடவை பவர் ஆன் பண்றப்ப பழசு திரும்ப வந்து நிக்கும்.

ஸ்மார்ட் ஸ்விட்ச் மாதிரி பெட்டிகள்ல ஓடற டாஸ்மோட்டாங்கற ஃபர்ம்வேர்ல இதையே வேற விதமா தீத்திருக்காங்க. அங்க நம்ம மாத்தங்களை யூசர் கான்ஃபிக் ஓவர்ரைடுன்னு ஒரு தனி ஹெடர்ல எழுதுவோம், ஒரிஜினல் ஃபைலைத் தொட வேண்டாம், அது ரொம்ப நல்ல பழக்கம், நாளைக்கு புது வெர்ஷன் வந்தா நம்ம ஃபைல் மட்டும் தனியா இருக்கும். ஆனா அங்க எழுதற வைஃபை பேரு, சர்வர் முகவரி எல்லாம் புத்தம்புது போர்டுல முதல் தடவை பூட் ஆகறப்பதான் எடுபடும், ஏற்கனவே ஓடிக்கிட்டிருந்த போர்டுன்னா ஃப்ளாஷ்ல இருக்கறதுதான் ஜெயிக்கும். அதுக்காகவே சிஎஃப்ஜி ஹோல்டர்னு ஒரு நம்பர் வச்சிருக்காங்க, அதோட டிஃபால்ட் 4617, ஃப்ளாஷ்ல சேவ் ஆன நம்பரும் கோடுல இருக்கற நம்பரும் ஒத்துப் போகலன்னா பழைய செட்டிங்ஸை விட்டுட்டு புது டிஃபால்ட்டை எடுத்துக்கும். நேர்மையான வழிதான். ஆனா அது எல்லாத்தையும் ஒரேயடியா மாத்திடும், யூசர் ஆசையா செட் பண்ணதும் சேர்ந்தே போகும். க்யூஎம்கே ஃபர்ம்வேர் ஓடற கீபோர்டுலயும் லைட் எந்த நிறம் எந்த மோடுன்னு டிஃபால்ட்டை மாத்திட்டு மாறலன்னு நின்னா, ஈஈப்ராமைக் க்ளியர் பண்ற கீயை அமுக்கணும், அதே கதைதான்.

பழைய ஏவிஆர் சிப்புல இன்னொரு வேடிக்கை. அந்த வகைல ஒண்ணான ஏடிமெகா328பில 1024 பைட் ஈஈப்ராம் இருக்கு, அழிச்ச நிலைல ஒவ்வொரு பைட்டும் 255. நீங்க எதையும் செக் பண்ணாம அதைப் படிச்சா ரெண்டு பைட் குறியில்லாத எண்ணா 65535 வரும், குறியுள்ள எண்ணா மைனஸ் 1 வரும், நாலு பைட்டை ஃப்ளோட்டா (தசம எண்ணா) படிச்சா "நாட் எ நம்பர்"ங்கற எண்ணே இல்லாத மதிப்பு வரும், அதை எந்த எண்ணோட ஒப்பிட்டாலும் பெருசும் இல்ல சின்னதும் இல்ல சமமும் இல்லன்னுதான் பதில் வரும். ஹீட்டர் கண்ட்ரோல்ல அப்படி ஒரு ஃப்ளோட் வந்தா என்ன ஆகும்னு யோசிச்சுப் பாருங்க, "இலக்கை விட வெப்பம் அதிகமானா ஆஃப் பண்ணு"ங்கற வரி கடைசிவரை உண்மையாகாது, ஹீட்டர் ஆஃபே ஆகாது. இதுல கூடுதலா ஒண்ணு, அதே ஃபர்ம்வேரை சிப்புக்குள்ளயே இருக்கற பூட்லோடர் வழியா ஏத்தினா ஈஈப்ராம் அப்படியே இருக்கும், ப்ரோக்ராமர்ங்கற கருவி வச்சு சிப்பை முழுசா அழிச்சு ஏத்தினா ஈஈப்ராமும் அழிஞ்சிடும், ஈஈசேவ்ங்கற ஃப்யூஸை (சிப்புக்குள்ள இருக்கற ஒரு செட்டிங்) செட் பண்ணியிருந்தாதான் தப்பிக்கும். ஒரே கோடு, ஏத்தின வழி வேற, போர்டு நடந்துக்கற விதமும் வேற. இது தெரியாதவங்க கோடுலயே தப்பைத் தேடிக்கிட்டு இருப்பாங்க.

சரி, பில்ட் பக்கம் திரும்ப வர்றேன், அங்க இன்னும் நெறைய இருக்கு.

ஐடிஎஃப், சின்ன சிப்புகளுக்கான ஓஎஸ்ஸான ஜெஃபிர், ரெண்டும் ஆப்ஷன்களையும் டிஃபால்ட்டையும் எழுதப் பயன்படுத்தற கேகான்ஃபிக் முறை லினக்ஸ் கெர்னல்லேர்ந்து வந்தது, 2002ல அங்க சேத்தாங்க. அதுல ஒரு ஆப்ஷனுக்கு பல டிஃபால்ட் வரி எழுதலாம், "இந்த போர்டா இருந்தா 8, அந்த சிப்பா இருந்தா 4, இல்லன்னா 2"ன்னு. அப்படி எழுதினா கண்டிஷன் பொருந்தற முதல் வரி ஜெயிக்கும். கடைசி வரி இல்ல, முதல் வரி. கண்டிஷன் இல்லாத பொது டிஃபால்ட்டை மேல எழுதிட்டு குறிப்பானதைக் கீழ எழுதினா கீழ இருக்கறது எப்பவுமே எடுபடாது. இந்த ரூலை வச்சுதான் ஜெஃபிர்ல போர்டுக்குன்னு இருக்கற டிஃபால்ட் ஃபைல்களை முதல்லயே படிக்க வைக்கறாங்க, அப்பதான் போர்டு சொல்றது பொதுவானதை விட முந்திக்கும். ஆனா நம்ம ப்ராஜெக்ட்ல எழுதற பிஆர்ஜே கான்ஃப், அதுக்கு மேல சேக்கற எக்ஸ்ட்ரா ஃபைல், ஐடிஎஃப்போட டிஃபால்ட்ஸ் ஃபைல் வரிசை, இதெல்லாம் மதிப்பை நேரா செட் பண்ற ஃபைல், இங்க கடைசியா வர்றதுதான் ஜெயிக்கும். ஒரே கருவிக்குள்ள ஒரு இடத்துல முதல் ஆளு ஜெயிக்கறான், இன்னொரு இடத்துல கடைசி ஆளு ஜெயிக்கறான், இதை மொதல்லயே ஒருத்தர் எனக்கு சொல்லியிருந்தா எவ்வளவு நல்லா இருந்திருக்கும்னு இப்பவும் நெனப்பேன், அதனாலதான் இவ்வளவு அழுத்தி எழுதறேன்.

அந்த ஃபைல்கள்ல இன்னொரு விஷயம், ஹேஷ் குறி போட்டு "செட் பண்ணல"ன்னு முடியற வரி. பாக்க கமென்ட் மாதிரி இருக்கும், கமென்ட் கிடையாது, "இந்த ஆப்ஷன் ஆஃப்"னு அர்த்தம் உள்ள வரி அது. யாரோ கமென்ட்டை எல்லாம் துடைச்சு ஃபைலை அழகு பண்றேன்னு அதை எடுத்தா, டிஃபால்ட் ஆன்ல இருக்கற ஆப்ஷன் திரும்ப ஆன் ஆயிடும். அப்பறம் டிபென்டன்சி. நீங்க ஒரு ஆப்ஷனை ஆன்னு எழுதியிருப்பீங்க, அது இன்னொரு ஆப்ஷனை நம்பி இருக்கும், அது ஆஃப்ல இருந்தா நீங்க எழுதினது போய்ச் சேராது. ஜெஃபிர்ல நீங்க கேட்டது இது, கெடைச்சது இதுன்னு பில்ட்லயே சத்தமா சொல்லிடும், அந்த எச்சரிக்கையை யாரும் தாண்டிப் போகாதீங்க. மத்த இடத்துல நான் பண்றது ஒண்ணே ஒண்ணு, நான் என்ன எழுதினேன்னு பாக்கறதில்ல, கடைசியா ஜெனரேட் ஆன ஹெடர்ல என்ன வந்திருக்குன்னு பாக்கறேன்.

ஐடிஎஃப்ல சேவ்-டெஃப்கான்ஃபிக்னு ஒரு கமாண்ட் இருக்கு, அது என் மனசுக்கு ரொம்பப் பிடிச்சது. ஆப்ஷன்களை மாத்தற மெனுவான மெனுகான்ஃபிக்ல போய் நீங்க மாத்தினதை எல்லாம் பாத்து, டிஃபால்ட்லேர்ந்து வேறுபடறது எதுவோ அதை மட்டும் சின்ன ஃபைலா எழுதித் தரும். ரெண்டாயிரம் வரி பதிவேடு பதினஞ்சு வரியா சுருங்கும். அந்தப் பதினஞ்சு வரியைத்தான் கிட்ல, அதாவது கோடோட வெர்ஷன்களைச் சேத்து வைக்கற கருவில போடணும், பதிவேட்டைப் போடக் கூடாதுங்கறது என் கட்சி. ஏன்னா அந்தப் பதினஞ்சும் நான் யோசிச்சு எடுத்த முடிவு, ஒவ்வொண்ணுக்கும் மேல ஏன்னு ஒரு வரி எழுத முடியும், மிச்சம் எல்லாம் ஐடிஎஃப் எழுதினவங்களோட முடிவு, அடுத்த வெர்ஷன்ல அவங்க அதை நல்லதா மாத்தினா எனக்கும் அது வந்து சேரணும்.

கேகான்ஃபிக் இல்லாத, வெறும் சி ஹெடர் வச்ச ப்ராஜெக்ட்ல "ஏற்கனவே டிஃபைன் பண்ணலன்னா இதை டிஃபைன் பண்ணு"ங்கற இஃப்-என்டெஃப் முறைதான் வழக்கம். எல்டபிள்யூஐபி நெட்வொர்க் ஸ்டாக் அப்படித்தான், மைக்ரோபைத்தானும் அப்படித்தான், நம்ம ஃபைல் முன்னாடி வரும், டிஃபால்ட் ஃபைல் பின்னாடி வந்து காலியா இருக்கறதை மட்டும் நிரப்பும். அருமையான முறை, ஆனா ரெண்டு குழி இருக்கு. ஒரு சோர்ஸ் ஃபைல்ல நம்ம ஹெடரை சேக்க மறந்துட்டா அந்த ஃபைலுக்கு மட்டும் டிஃபால்ட் மதிப்பு, மத்ததுக்கு நம்ம மதிப்பு, பஃபர் சைஸ் ஒரு பக்கம் 64, இன்னொரு பக்கம் 128, எரர் எதுவும் வராது, மெமரி மட்டும் கெடும். இன்னொண்ணு, டிஃபைனே பண்ணாத பேரை இஃப் கண்டிஷன்ல குடுத்தா, கம்பைல் ஆகறதுக்கு முன்னாடி ஓடற ப்ரீப்ராசசர் அதை 0ன்னு எடுத்துக்கும், அதனால பேருல ஒரு எழுத்து தப்பா அடிச்சா அந்த ஆப்ஷன் சத்தமே இல்லாம ஆஃப். கம்பைலருக்கு டபிள்யூ-அன்டெஃப்ங்கற ஆப்ஷனைக் குடுத்தா இதை எச்சரிக்கும், எந்த ப்ராஜெக்ட் எடுத்தாலும் நான் முதல்ல அதை ஆன் பண்ணிடுவேன். இதுக்கு நேர் எதிரா, ஒரு ஆப்ஷனை 0ன்னு டிஃபைன் பண்ணிட்டு இஃப்டெஃப் வச்சு செக் பண்ணா அது ஆன்னுதான் அர்த்தம், ஏன்னா டிஃபைன் ஆகியிருக்கு இல்லையா, 0ங்கறதை அது பாக்காது.

டிஃபால்ட் மதிப்பே நமக்குப் பொருந்தாம இருக்கறது தனிக் கதை. ஐடிஎஃப்ல டாஸ்குகளை மாத்தி மாத்தி ஓட்டற ஓஎஸ்ஸான ஃப்ரீஆர்டாஸோட டிக், அதாவது நேரத் துடிப்பு, டிஃபால்ட்டா விநாடிக்கு 100, அதாவது ஒரு டிக் 10 மில்லிவிநாடி. 5 மில்லிவிநாடி காத்திருன்னு எழுதினா முழு எண் வகுத்தல்ல 5ஐ 100ஆல பெருக்கி 1000ஆல வகுத்தா 0 டிக், காத்திருக்கவே காத்திருக்காது, அந்த லூப் சிபியுவை முழுங்கிக்கிட்டு ஓடும், மத்த டாஸ்குக்கு இடம் விடாததைக் கவனிக்கற டாஸ்க் வாட்ச்டாக் வந்து கத்தும். ஃப்ளாஷ் சைஸ் டிஃபால்ட் 2 எம்பி, கையில இருக்கற போர்டு 4 எம்பின்னா ஃப்ளாஷ் பெருசு, ஃபர்ம்வேர் இமேஜோட ஹெடர்ல சின்னதா இருக்குன்னு பூட்ல ஒரு எச்சரிக்கை வரும், பெரும்பாலானவங்க அதைக் கண்டுக்காம விட்டுடுவாங்க. மெயின் டாஸ்குக்கு ஸ்டாக், அதாவது லோக்கல் வேரியபிளுக்கான மெமரி, 3584 பைட், ரெண்டு பெரிய அரேயை லோக்கலா வச்சா முடிஞ்சுது. இதெல்லாம் தப்பான டிஃபால்ட் இல்ல, யாருக்கும் உடனே வேலை செய்யணும்னு வச்ச மதிப்பு, நம்ம வேலைக்கு எது சரின்னு ஒரு தடவை உக்காந்து பாக்கற பொறுப்பு நம்மளுது.

நம்ம டிஃபால்ட் வைக்கறப்ப எனக்கு முக்கியமா படறது, யாரும் எதுவும் பண்ணாம பெட்டிலேர்ந்து எடுத்து பவர் குடுத்தா என்ன ஆகணும்ங்கற கேள்விதான். மோட்டார் மாதிரியானதை ஆன் ஆஃப் பண்ற ரிலே இருந்தா ஆஃப். அதுலயும் லோ குடுத்தா ஆன் ஆகற ரிலே மாட்யூல்னா பின்னை அவுட்புட்டா மாத்தறதுக்கு முன்னாடி லெவலை ஹைன்னு வச்சிடணும், இல்லன்னா பூட் ஆகற அந்தக் கண நேரத்துல மோட்டார் ஒரு தடவை துடிக்கும். பின் எதுன்னு டிஃபால்ட் போடறப்ப ஈஎஸ்பி32ல 0, 2, 5, 12, 15 பின்களை ரிசெட் ஆகறப்ப சிப் படிச்சுப் பாக்கும்னு ஞாபகம் இருக்கணும், 12வது பின் அந்த நேரம் ஹைல இருந்தா ஃப்ளாஷுக்கு 1.8 வோல்ட்னு முடிவு பண்ணிடும், 3.3 வோல்ட் ஃப்ளாஷ் உள்ள போர்டு பூட் ஆகாம நின்னுடும்.

பாஸ்வேர்டுல நான் விட்டுக்குடுக்கறதே இல்ல. 2016ல மிராய்னு ஒரு மால்வேர் கேமரா, ரூட்டர்னு லட்சக்கணக்கான பெட்டிகளைப் பிடிச்சுது, அதுக்குப் பெரிய தந்திரம் ஒண்ணும் தேவைப்படல, தொழிற்சாலைல வச்ச டிஃபால்ட் பேரு, பாஸ்வேர்டு 60 ஜோடிக்கு மேல கைல வச்சிக்கிட்டு ஒவ்வொண்ணா போட்டுப் பாத்துச்சு, அவ்வளவுதான். அதுக்கப்பறம் சட்டங்களே வந்துடுச்சு, 2020ல வந்த ஐரோப்பிய ஈஎன் 303 645 தரத்துல முதல் விதியே எல்லாப் பெட்டிக்கும் ஒரே டிஃபால்ட் பாஸ்வேர்டு கூடாதுங்கறதுதான், பிரிட்டன்ல 2024 ஏப்ரல் 29லேர்ந்து அது சட்டமாவே இருக்கு. நம்ம நாலு போர்டு செய்யறவங்கதானேன்னு நெனக்க வேண்டாம். ஒவ்வொரு போர்டுக்கும் தனியா ராண்டம் பாஸ்வேர்டு போட்டு ஸ்டிக்கர் ஒட்டறது ஒரு சின்ன ஸ்க்ரிப்ட் வேலை. மேக் அட்ரஸ்லேர்ந்து (போர்டோட நெட்வொர்க் அடையாள எண்) கணக்குப் போட்டு எடுக்காதீங்க, வைஃபைல மேக் அட்ரஸ் காத்துலயே போய்க்கிட்டிருக்கு, யார் வேணா கேக்கலாம்.

இப்ப என்விஎஸ்ஸை நான் எப்படி மாத்தி எழுதினேன்னு சொல்றேன். டிஃபால்ட்டை எங்கயும் எழுதறதே இல்ல. வேரியபிளுக்கு முதல்ல டிஃபால்ட் மதிப்பைக் குடுப்பேன், அப்பறம் என்விஎஸ்லேர்ந்து அதே வேரியபிளுக்குள்ள படிக்கச் சொல்லுவேன். கீ கிடைக்கலன்னா என்விஎஸ் அந்த வேரியபிளைத் தொடாது, டிஃபால்ட்டே நிக்கும். யூசர் மாத்தினா மட்டும் அந்தக் கீயை எழுதுவேன். "டிஃபால்ட்டுக்குத் திரும்பு"ன்னு யூசர் சொன்னா டிஃபால்ட் மதிப்பை எழுத மாட்டேன், கீயையே அழிச்சிடுவேன். 0னா செட் பண்ணலன்னு அர்த்தம் வைக்கற பழக்கமும் போயிடுச்சு, குளிர் அறைல 0 டிகிரிங்கறது நிஜமான மதிப்பு, கீ இல்லங்கறதுதான் சரியான அடையாளம். ஒரு எச்சரிக்கை, என்விஎஸ்ல கீ பேரு 15 எழுத்துக்கு மேல போகக் கூடாது, போனா எரர் குடுக்கும், அந்த எரரை நீங்க பாக்கலன்னா எழுதறதும் நடக்காது, படிக்கறதும் நடக்காது, காலத்துக்கும் டிஃபால்ட்லயே ஓடும்.

அதே மாதிரி எல்லா உதாரணக் கோடுலயும் இருக்கற ஒரு நாலு வரி, என்விஎஸ் ஆரம்பிக்கறப்ப அதுல காலிப் பக்கம் தீந்துடுச்சுன்னு வந்தா மொத்தத்தையும் அழிச்சுட்டு திரும்ப ஆரம்பின்னு இருக்கும். கத்துக்கறதுக்கு சரி. ஒருத்தர் கைல இருக்கற போர்டுல அது அவரோட செட்டிங்ஸை எல்லாம் கேக்காம துடைக்கற கோடு. குறைஞ்சபட்சம் சென்சார் திருத்தம் மாதிரி அந்தந்த போர்டுக்கே உரிய மதிப்பைத் தனி பார்ட்டிஷன்ல வைங்க. அது டிஃபால்ட்டும் இல்ல, யூசர் செட்டிங்கும் இல்ல, அந்த போர்டோட பிறவிக் குணம், ஃபேக்டரி ரிசெட் பண்ணா அது போகக் கூடாது.

எல்லாத்தையும் இப்படி மிதக்க விடணும்னும் நான் சொல்லல. கம்ப்ரஸர் ஆஃப் ஆனதும் திரும்ப ஆன் ஆக குறைஞ்சது எவ்வளவு நேரம் விடணும்ங்கற மாதிரி மதிப்பு, அதை நம்பி ஒருத்தர் தன் சிஸ்டத்தையே அமைச்சிருப்பாரு, நான் அனுப்பற அப்டேட் ஒண்ணு ராத்திரியோட ராத்திரியா அதை மாத்தினா தப்பு. அப்படிப்பட்டதை நிறுவறப்பவே யூசரைக் கேட்டு, அவர் ஒத்துக்கிட்ட மதிப்பா எழுதி வைக்கறது சரி. அங்க நிஜமாவே ஒரு மனுஷன் முடிவு எடுத்திருக்காரு.

இனிமே செய்யற போர்டுக்கு இது சரி, ஆனா ஏற்கனவே வெளில இருக்கற 14 போர்டுலயும் என் பழைய கோடு எழுதின 60 இருக்கே. ஒரு மைக்ரேஷன் எழுதினேன்: பழைய வெர்ஷன்லேர்ந்து வந்தா, சேவ் ஆன மதிப்பு 60ஆ இருந்தா அந்தக் கீயை அழி. வேற மதிப்பு இருந்தா யூசர் வச்சதுதான், விட்டுடு. எல்லாத்துக்கும் அப்டேட் அனுப்பினேன், எல்லாம் 300க்கு வந்துச்சு, ஒரு போர்டு மட்டும் 120ல நின்னுச்சு, அது அவன் வச்சது, சரி.

நாலு நாள் கழிச்சு நண்பன் ஃபோன் பண்ணான். "டேய், கதவுகிட்ட இருக்கறது மட்டும் ஏன்டா அஞ்சு நிமிஷத்துக்கு ஒருக்கா வருது? அதை நான் வேணும்னேதான 60ல வச்சிருந்தேன்." கதவைத் திறந்து வச்சிட்டு சரக்கு ஏத்தறாங்கன்னா ஒரு நிமிஷத்துல தெரியணும்னு, செட்டிங்ஸ் பக்கத்துக்குப் போய் 60ன்னு டைப் பண்ணி சேவ் குடுத்திருக்கான். என்விஎஸ்ல அவன் எழுதின 60க்கும் என் கோடு எழுதின 60க்கும் ஒரு பிட் கூட வித்தியாசம் இல்ல. அந்த நாலு நாள்ல ஒரு சாயங்காலம் கதவு இருபது நிமிஷம் திறந்தே இருந்திருக்கு, அவனுக்குத் தாமதமாத்தான் தெரிஞ்சிருக்கு. சரக்கு ஒண்ணும் கெடல, ஆனா எனக்கு அது உறுத்திக்கிட்டே இருந்துச்சு. அவன்கிட்ட மன்னிப்பு கேட்டேன், அவனே திரும்ப 60 வச்சான், இந்தத் தடவை அது நிஜமாவே அவன் எழுதின கீ.

அப்பறம் பூட் ஆகறப்ப ஒவ்வொரு செட்டிங்குக்கும் ஒரு வரி பிரிண்ட் பண்ற மாதிரி சேத்தேன், பேரு, மதிப்பு, அது எங்கேர்ந்து வந்துச்சு. "இடைவெளி விநாடி 300, டிஃபால்ட்." "இடைவெளி விநாடி 60, யூசர்." பேருலயே விநாடின்னு அலகையும் சேத்துட்டேன், மில்லிவிநாடியா நிமிஷமான்னு யாரும் யோசிக்க வேண்டாம். இந்த வரிகளை சர்வருக்கும் அனுப்பறேன்.

மூணு மாசம் கழிச்சு வைஃபைல சேர்ற நேரத்தைக் கொறைச்ச ஒரு அப்டேட் போட்டேன், பேட்டரி மிச்சமானதால டிஃபால்ட்டை 300லேர்ந்து 180க்கு இறக்கினேன். மறுநாள் காலைல சர்வர்ல பாத்தா 12 போர்டு 180, டிஃபால்ட்டுன்னு சொல்லுது. ஒண்ணு 120, யூசர். கதவுகிட்ட இருக்கறது 60, யூசர்.